அக்கரைத் தண்ணீரில் என் ஞானஸ்நானம்

பன்னிரண்டு வயதில் உங்களுக்கெல்லாம் என்ன ஆசை இருந்தது? டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட், கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் விற்ற கலர் சோடா, ஊத்துக்கோட்டை சந்தையில் கண்ணாடி வளையல், இப்படி ஏதாவது இருந்திருக்கும். எனக்கு இருந்தது ஒரே ஆசை. பரிசுத்தமாக வேண்டும். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நம் வயது ஆனபின் முட்டி வலியைத் தவிர வேறெதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஆசை எனக்கு நிஜமாக இருந்தது. அதற்காகப் பாயில் குப்புறப் படுத்து அழுதிருக்கிறேன்.

எங்கள் சபையில் உலகம் என்றால் பூமி உருண்டை இல்லை. ஒதுக்க வேண்டியது எதுவோ அதற்குப் பெயர் உலகம். பூ வைப்பது உலகம். பொட்டு உலகம். ரேடியோ உலகம். அம்மா ஞானஸ்நானம் எடுத்த அன்றே கம்மலைக் கழற்றிவிட்டாள்; காது ஓட்டை தூர்ந்து வெறும் புள்ளியாகிப் போனது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன சிவப்பு ரிப்பன் உலகமா இல்லையா என்று நானே மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பாஸ்டரிடம் கேட்டேன். அவர் தெற்கத்திக்காரர். பாதி பைபிள் பாஷையில் அழுத்தம் திருத்தமாகப் பேசுவார்.

"மனசுல உறுத்துதா?"

"உறுத்துது பாஸ்டர்."

"அப்போ அது உலகம்தான்."

மறுநாள் ரிப்பன் இல்லாமல் போனதற்கு டீச்சர் வெயிலில் நிற்க வைத்தாள். விசுவாசத்துக்காகப் பாடு அனுபவிக்கிறேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு. இப்போது நினைத்தால் அந்தச் சிறுமியின் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

பரிசுத்தத்துக்கு ஆசைப்படுவதற்குத் தோதான ஊரா அது, சொல்லுங்கள். தொழிற்பேட்டை வந்து ஊரே மாறிப்போயிருந்தது. இரும்பு உருக்கும் கம்பெனிகளின் கரி, கொடியில் காயும் துணியில் வந்து உட்காரும். அம்மா வெள்ளைத் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுவாள். மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பு. கிணறுகளில் ஒவ்வொன்றாக உப்பும் துருவும் ஏறின. சபை ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. மணல் தரையில் பாய் விரித்து முக்காடு போட்டு உட்கார்ந்து, உறைந்த மழையிலும் வெண்மையாகச் சுத்திகரியும் என்று ஜெபிப்போம். வெளியே வந்தால் செருப்பின் மேல் கரிப்பொடி இருக்கும்.

நைனா வேலை பார்த்தது சாயப் பொடி தயாரிக்கும் கம்பெனியில். அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம்தானே. கம்பெனிக்குப் பின்னால் ஒரு பெரிய தொட்டி. கழிவுத் தண்ணீர் அதில் சேரும். ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதால், சனிக்கிழமை ராத்திரி ஷிப்டில் இருப்பவன் விடியற்காலையில் அந்தத் தொட்டியின் வால்வைத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் கால்வாய் வழியாக ஏரியின் அக்கரைக்குப் போய்விழும். எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் பேச மாட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பேட்டையில்தான் சோறு.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் எனக்கு ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. பன்னிரண்டு வயசு ஆகிவிட்டால் கொடுக்கலாம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். அம்மா பஜாரில் வெள்ளைப் பாப்ளின் எடுத்து முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடையும் முழுக்கைச் சட்டையும் தைக்கக் கொடுத்தாள். அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். புதுத் துணியின் கஞ்சி வாசம் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தண்ணீரிலிருந்து எழும்பும்போது நான் வேறு ஆளாக எழும்பப் போகிறேன். பொய் வராது, கோபம் வராது, கணக்கில் காப்பி அடிக்கத் தோன்றாது. நிஜமாகவே அப்படி நம்பினேன்.

நைனாவுக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்ட். "டூட்டி முடிச்சுக்கினு நேரா ஏரிக்கு வந்துடறேன். நீ முழுகி எழும்பறப்ப கரைல நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சபையார் வழக்கமாக இறங்குவது இக்கரையில், படித்துறைப் பக்கம். அங்கேதான் எல்லா ஞானஸ்நானமும் நடக்கும். வால்வைத் திறந்தாலும் அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் வராது என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான்.

ஆனால் அது ஆடி ஞாயிறு. நாங்கள் பாடிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது படித்துறை முழுக்கப் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகப் பெண்கள் தண்ணீரில் முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். எங்கள் எதிர் வீட்டு அத்தையும் அதில் இருந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் பதிலுக்குக் கையாட்டவில்லை, அன்றைக்கு நான் பரிசுத்தமாகப் போகிறவள் இல்லையா.

பாஸ்டர் நின்றுவிட்டார்.

"இங்கே வேண்டாம். விக்கிரகத்துக்கு நேர்ந்துகிட்டவங்க முங்கின தண்ணி. அக்கரைக்குப் போவோம். அங்கே யாரும் இறங்குறதே இல்ல. சுத்தமா இருக்கும்."

அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள். "அந்தாண்ட மாடு கூட எறங்காது பாஸ்டர்."

"நாம என்ன மாடாம்மா?" என்றார் பாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். கரையைச் சுற்றிக்கொண்டு ஊர்வலமாக நடந்தோம். ஆடியில் ஏரி வற்றிக் கிடக்கும்; ஆனால் அந்தப் பக்கம் மட்டும் எந்தக் கோடையிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஏன் நிற்கிறது என்று அத்தனை பெரியவர்களில் ஒருத்தர் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பெரியவர்கள் முதலில் இறங்கினார்கள். ஒவ்வொருவராக முழுகி, வெள்ளையாக எழும்பி, அழுதுகொண்டே கரையேறினார்கள். நான்தான் கடைசி. என் முறை வரும் நேரத்தில் தூரத்தில் ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்துவிட்டது. சேற்றில் கால் வைத்து நடந்து பாஸ்டர் பக்கத்தில் போய் நின்றேன். கைகளை மார்பில் சேர்த்துக்கொண்டேன். அப்போது என் காலடியில் தண்ணீர் வெதுவெதுப்பானது. வெதுவெதுப்பு கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறிற்று. பரிசுத்த ஆவியானவர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். என் வாழ்நாளில் அந்த ஒரு நொடி அளவுக்கு நான் சந்தோஷமாக இருந்ததில்லை. கல்யாணத்தன்றும் இல்லை, பிள்ளை பிறந்தபோதும் இல்லை. பாஸ்டர் என்னைப் பின்னால் சாய்த்தார். முழுகினேன்.

எழும்பியபோது பாட்டு நின்றிருந்தது.

குனிந்து பார்த்தேன். சட்டை, பாவாடை எல்லாம் மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள். எதிர்க்கரையில் முங்கிக்கொண்டிருந்தவர்களின் சேலை நிறம். பாஸ்டர் என் துணியைப் பார்த்தார், எதிர்க்கரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவருடைய வேட்டி நனைந்த இடமும் மஞ்சளாக ஆகிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பாஸ்டரின் வேட்டியை யார் சந்தேகப்படுவார்கள்?

"பிள்ளைகிட்ட ஏதோ மறைஞ்சிருக்குது" என்றார், கரையேறும்போது அம்மாவிடம்.

நைனா அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரை மேல் ஓடி வந்தார். ஹேண்டிலில் டிபன் கேரியர் ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். கால்வாய் வந்து விழும் இடத்தைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் என் மேல் வந்த அருவருப்பு என்று எடுத்துக்கொண்டேன். என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், வீட்டு வாசலில் நிறுத்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் என் தலையில் ஊற்றினார்.

"கண்ண மூடிக்க. வாயத் தொறக்காத. நல்லா தேய்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குள் உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. அக்குள், கழுத்து மடிப்பு, முழங்கால் பின்புறம் எல்லாம் சிவந்து தடித்தது. எதிர் வீட்டு அத்தை பெரியபாளையத்திலிருந்து திரும்பி வந்ததும் கேள்விப்பட்டு, வேப்பிலையை அரைத்து எடுத்து வந்து தானே பூசிவிட்டாள். "இன்னா தண்ணில எறக்குனாங்க கொயந்தய?" என்று அம்மாவைத் திட்டினாள். வலி தெரியாமல் இருக்க எனக்குக் கதை சொன்னாள். அவள் கையில் அம்மன் கோயில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பந்தி ஆராதனை. அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் நாள். ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு அதுதான் முதல் பந்தி. அதற்கு முன்னால் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரே ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு நாங்கள் நின்றோம். நைனா வாசல்படியில் நின்றார்.

"அபாத்திரமா அப்பம் வாங்கினா ஆக்கினை, உனக்குத் தெரியும்" என்றார் பாஸ்டர். தகுதியில்லாமல் வாங்கினால் தண்டனை என்று அர்த்தம். குரலில் கோபம் இல்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பேஜார். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். "வெள்ளை உடுப்போட இறங்கினவ மஞ்சளா எழும்பினா கர்த்தர் ஏதோ காட்டுறார்னு அர்த்தம். ஆடி மாசம். எதிர்லயே அவங்க வீடு. கூழ் ஏதும் வாங்கிக் குடிச்சியாம்மா?"

நான் குடிக்கவில்லை. சத்தியமாகக் குடிக்கவில்லை. அத்தை வீட்டுக் கூழ் வாசம் வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள் நான். ஆனால் அந்த வாரம் முழுக்க அரித்துக்கொண்டே என் பாவம் எது என்று தேடித் தேடிக் களைத்துப் போயிருந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது இன்னும் பயமாக இருந்தது. இதோ, ஒரு பாவத்தை அவரே கையில் கொடுக்கிறார். அதை ஒப்புக்கொண்டால் சுத்தமாகிவிடலாம்.

நைனாவைப் பார்த்தேன். அவர் படியின் விளிம்பைக் கால் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"குடிச்சேன் பாஸ்டர்" என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் என் தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். ஆமென் சொல்லி முடித்ததும் அவர் கண்ணில் தண்ணீர். நைனா படியிலிருந்து இறங்கி எங்கோ போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா எதிர் வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டாள். அத்தைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள். "நா எப்ப உனக்கு கூயு ஊத்துனேன் கண்ணு?" நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு வேப்பிலைகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பத் தட்டு வந்தது. அம்மா வேறு சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். மஞ்சள் துணி எத்தனை முறை வெளுத்தும் போகாமல், கரித்துணியாகி அடுப்படிக்குப் போய்விட்டது. ஒரு துண்டு அப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். தட்டு பெண்கள் பக்கம் முடிந்து ஆண்கள் பக்கம் போனது. நைனாவிடம் வந்தது. அவர் அதை வாங்கி, எடுக்காமல், அடுத்தவரிடம் நகர்த்திவிட்டார். திராட்சரசக் கிண்ணத்தையும் அப்படியே.

பொய் சொல்லிப் பந்தி வாங்கியவள் நான் என்று நைனாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் கைவைத்த தட்டில் அவர் கைவைக்க மாட்டார். அப்படித்தான் நினைத்தேன். வேறெப்படி நினைப்பது? யாராவது ஏதாவது சொல்லியிருந்தால்தானே.

அதன் பிறகு எந்தப் பந்தியிலும் அவர் எடுக்கவில்லை. ஆராதனைக்கு வராமலும் இருக்கவில்லை. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், கடைசிப் பாயில் வந்து உட்காருவார். தட்டு வரும், நகர்த்துவார். பின்மாற்றக்காரருக்காக, அதாவது விசுவாசத்திலிருந்து பின்வாங்கியவருக்காக, ஜெபிப்போம் என்று பாஸ்டர் பெயர் சொல்லாமல் சொல்வார். சபை முழுக்க அவர் பக்கம் திரும்பும். என்னையும் எழுப்பி ஜெபிக்கச் சொல்வார்கள். "எங்க நைனாவ தொடும் ஆண்டவரே" என்று ஜெபிப்பேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மஞ்சள் நிறம் கம்பெனிச் சாயம்தான் என்று அம்மா என்னிடம் சொன்னது என் முதல் பிள்ளை பிறந்த சமயத்தில். பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டே, ஏதோ மளிகை விலை சொல்வது மாதிரி சொன்னாள். "உங்க நைனாதான் வால்வு தொறந்தாரு. எனுக்கு அப்பவே சொன்னாரு. வெளிய சொன்னா வேல பூடும், டப்புக்கு இன்னா பண்றதுன்னு நாந்தான் வாய மூடச் சொன்னேன்." எனக்கு வந்த கோபத்தில் சோப்பைத் தூக்கி எறிந்தேன். ஆனால் இதைக் கேட்டும் என் பழைய கணக்கு மாறவில்லை. சாயம் அவருடையது, சரி. பொய் என்னுடையதுதானே. அந்தப் பொய்யைத்தான் அவர் ஒவ்வொரு பந்தியிலும் நகர்த்திவிடுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கத் துணிச்சல் வரவில்லை. அவரும் ரிடையர் ஆகும்வரை அதே வேலையைப் பார்த்தார். அப்பத்தை வேண்டாம் என்ற கை வால்வை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நான் மன்னித்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அவருக்கு வயதாகி, கைத்தடி பிடித்த பிறகு ஒரு ஞாயிறு. கொட்டகை போய் டைல்ஸ் போட்ட சபை வந்துவிட்டது. பழைய பாஸ்டர் காலமாகி, கீபோர்டும் மைக்குமாகச் சின்ன வயதுப் பாஸ்டர். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லும் சாட்சி நேரத்தில் நைனா எழுந்து நின்றார். இத்தனை வருஷம் கழித்து என் பொய்யை எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறார், அல்லது என்னை விடுவிக்கப்போகிறார். இரண்டில் ஒன்று நடந்தால் போதும் என்று இருந்தது.

"நா கம்பெனில வால்வு தொறந்துக்கினு இருந்தேன்" என்றார். "அந்தத் தண்ணி ஏரிக்குத்தான் போச்சு. மீனு செத்துச்சு. அக்கரை நெலம் பாழாச்சு. எனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தொறந்தேன்." அவ்வளவுதான். உட்காரப் போனார்.

"அல்லேலூயா! கர்த்தர் உங்களை மன்னிச்சுட்டார் ஐயா!" என்றார் பாஸ்டர். கீபோர்டு ஆரம்பித்துவிட்டது.

நைனா மறுபடி நிமிர்ந்தார். "கம்பெனி பேருதான் மாறிக்குது பாஸ்டர். தண்ணி இன்னும் ஓடிக்கினுதான் கீது. ஓடிக்கினு இருக்கறத இன்னான்னு மன்னிப்பாரு?"

யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். அடுத்த சாட்சிக்கு மைக் போய்விட்டது. பேட்டையில் வேலை பார்க்கும் பையன்கள் பாதிப் பேர் அந்தச் சபையில் இருந்தார்கள். எல்லாரும் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினார்கள். தட்டு வந்தது. அவர் நகர்த்தினார். கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

என் பெயர் அதில் இல்லை. ஏரி இருந்தது, மீன் இருந்தது, நிலம் இருந்தது, நான் இல்லை. அப்பத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து அவர் பின்னால் ஓடினேன். ரோட்டோரத்தில் லாரிப் புழுதியில் நின்று செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் சொன்னியே நைனா, என்னப் பத்தி ஒரு வார்த்த சொன்னியா? நா ஒண்ணுமே இல்லியா உனுக்கு?" கத்தினேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எம் மேல அருவருப்புப் பட்டுக்கினுதான இத்தினி வருசமா தட்ட தள்ளிவுட்ட?"

அவர் குனிந்த வாக்கில் அப்படியே நின்றார். நான் என்ன கேட்கிறேன் என்று விளங்காதவர்போல என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"உம் மேலயா? உம் மேல ஒண்ணும் இல்லியேம்மா. அன்னிக்கும் இல்ல. எம் மேல இருந்துச்சு, அதனால வாங்கல. இத வேற சொல்லணுமா உனுக்கு?"

சொல்லியிருக்க வேண்டும் நைனா. சொல்லியிருக்க வேண்டும்.